கிளைடரின் ஒற்றைச் சக்கரம்

1922 ஆகஸ்ட். ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில் வாஸர்குப்பே என்று ஒரு குன்று, உயரம் 950 மீட்டர். எஞ்சின் இல்லாத விமானங்களுக்கு அங்கே போட்டி நடக்கிறது. ஹானோவர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்திலிருந்து வந்த 'வாம்பிர்' என்ற கிளைடரின் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தால், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கால்பந்துகள். தோல் உறைக்குள் காற்றடித்த பந்துகளேதான். உடலுக்குள் கொஞ்சம் மறைந்தும் கொஞ்சம் வெளியே துருத்தியும் இருந்தன. ஆர்தர் மார்ட்டென்ஸ் அந்தக் கிளைடரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். அதே மாதத்தில் இன்னொரு விமானி ஹென்ட்சன் அதை மூன்று மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோனார்.

வாம்பிரின் இறக்கை பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பேச வேண்டிய இறக்கைதான். ஆனால் எனக்கு அந்தப் பந்துகள் மேல் ஒரு தனிப் பிரியம். புல்லும் கல்லும் குழியுமான மலைச்சரிவில் குண்டான பந்து சிக்கிக்கொள்ளாமல் உருளும், மோதும்போது கொஞ்சம் அமுங்கும், பாதி மறைந்திருப்பதால் காற்றுக்கும் அதிகம் குறுக்கே நிற்காது. தரைக்கு ஒத்துவர வேண்டும், காற்றுக்கும் ஒத்துவர வேண்டும். போட்டிக் கிளைடரின் சக்கரத்தில் இதுவரை நடந்த வினோதமான மாற்றங்கள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தவைதான்.

முதலில் கிளைடர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். எஞ்சின் கிடையாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப்போகும். இல்லையென்றால் தரையில் இருக்கும் விஞ்ச் என்ற இயந்திரம் கம்பியைச் சுருட்டி, பட்டம் ஏற்றுவதுபோல் மேலே ஏற்றும். கயிற்றைக் கழற்றியபின் கிளைடர் எப்போதும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் சூடேறி எழும் காற்றுக்குள் புகுந்து வட்டமடித்தால் அந்தக் காற்று மேலே தூக்கிக்கொண்டு போகும். பருந்து செய்வதும் அதுதான். போட்டி என்றால் குறித்த ஊர்களைச் சுற்றிவிட்டு யார் வேகமாகத் திரும்புகிறார் என்பது. ஒரு நாள் ஓட்டம் மூன்று, நான்கு, ஐந்து மணி நேரம்கூட நீளும்.

அத்தனை நேரத்தில் சக்கரத்துக்கு வேலை எவ்வளவு? ஏறும்போது அரை நிமிடம், இறங்கும்போது அரை நிமிடம். மீதி நேரம் முழுக்க அது சுமை.

எவ்வளவு பெரிய சுமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். நல்ல போட்டிக் கிளைடர் ஒன்று 50-க்கு 1 என்ற விகிதத்தில் சறுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 50 கிலோமீட்டர் போகும் என்று அர்த்தம். விமானியோடு சேர்த்து எடை 500 கிலோ என்றால், அதைப் பின்னால் இழுக்கும் காற்றுத்தடை மொத்தம் 500-ஐ 50-ஆல் வகுத்தால் வருவது. பத்தே கிலோ. இத்தனை பெரிய இறக்கை, உடல், வால் எல்லாம் சேர்த்து ஒரு சின்ன அரிசிப் பை எடைதான்! கிளைடர் வடிவமைப்பு எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும்.

இப்போது சக்கரத்தை வெளியே நீட்டுங்கள். கிளைடரில் பரவலாக இருக்கும் டயர் சுமார் 36 சென்டிமீட்டர் விட்டமும் 12, 13 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. கூடவே அதைத் தாங்கும் கால், திறந்து தொங்கும் கதவுகள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இவை தோராயமாக ஒரு கிலோ தடையைக் கொடுக்கும். பத்து பதினொன்றாகிறது. 50 கிலோமீட்டர் போயிருக்க வேண்டிய கிளைடர் 45 கிலோமீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனால் 200-ல் விரையும்போது இதே சக்கரம் நான்கு கிலோவாக இழுக்கும். ஒரு நாள் ஓட்டத்தில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் சில நிமிடங்களே வித்தியாசம் இருக்கக்கூடிய விளையாட்டில் இதை யார் சும்மா விடுவார்கள்?

ஏன் ஒரே ஒரு சக்கரம் என்ற கேள்விக்கும் பதில் இதுதான். இரண்டு, மூன்று வைத்தால் எடையும் கூடும், தடையும் கூடும். உடலின் நடுவில், ஈர்ப்பு மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முக்கியச் சக்கரம். வாலின் அடியில் ஒரு சின்னச் சக்கரம். போட்டிக் கிளைடர் பெரும்பாலும் இவ்வளவுதான். நின்றுகொண்டிருக்கும்போது ஒரு இறக்கை தரையில் சாய்ந்து கிடக்கும். புறப்படும்போது ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி கூடவே ஓடுவார். வேகம் வந்தபின் விமானியே இறக்கையைச் சமன் செய்துகொள்வார்.

சரி, சக்கரம் சுமை என்றால் அதை எடுத்துப்போகவே வேண்டாமே? அப்படியும் செய்து பார்த்தார்கள். 1930-களிலும் 40-களிலும் நிறைய கிளைடர்கள் இரட்டைச் சக்கர வண்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து ஓடி, மேலே எழுந்தவுடன் அந்த வண்டியைக் கழற்றிக் கீழே போட்டுவிடும். இறங்குவதற்கு உடலின் அடியில் நீளவாக்கில் ஒரு மரச் சறுக்குக்கட்டை. உலகப் போட்டிகளில் 1948-ல் சுவிட்சர்லாந்தின் சமேடானிலும் 1950-ல் ஸ்வீடனின் எரெப்ரூவிலும் வென்ற 'வைஹே' இந்த வகைதான். சறுக்குக்கட்டை எளிமையானது, இலேசானது. புல்தரையில் அதுவே பிரேக்காகவும் ஆகிவிடும். சில கிளைடர்களின் வால் சறுக்குக்கட்டைக்கு ஸ்பிரிங்காக ஒரு டென்னிஸ் பந்தைச் செருகியிருப்பார்கள். வாம்பிரின் கால்பந்துகளுக்கு அது தம்பி முறை என்று எனக்குத் தோன்றும்.

தொல்லை அந்த வண்டியைக் கழற்றும் நொடியில் இருந்தது. சீக்கிரம் விட்டால் கிளைடர் திரும்பவும் தரையில் உட்காரலாம். உயரத்திலிருந்து விட்டால் வண்டி தரையில் மோதி எகிறி, விட்ட கிளைடரையே வந்து அடிக்கும். கழன்றே வரவில்லை என்றால் அது இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 163 ராக்கெட் விமானம் இதே ஏற்பாட்டில்தான் ஓடியது. அதை வடிவமைத்த அலெக்சாண்டர் லிப்பிஷ் வாஸர்குப்பேயில் கிளைடர் கட்டி வளர்ந்தவர், பழக்கம் விடவில்லை. 1942 அக்டோபரில் சோதனை விமானி ஹன்னா ரைட்ஷ் அதில் ஏறியபோது வண்டி கழலாமல் ஒட்டிக்கொண்டது. நாஜி அரசின் பெயர்பெற்ற விமானியான அவர் கிளைடர் ஓட்டி வந்தவர்தான். அந்த வண்டியோடேயே இறங்கப் பார்த்து, தரையில் மோதி, மண்டை ஓட்டில் முறிவுகளோடு பல மாதம் படுக்கையில் கிடந்தார்.

ஆக சக்கரத்தைக் கூடவே எடுத்துப்போகத்தான் வேண்டும். ஆனால் மறைத்து எடுத்துப்போகலாம். மடக்குச் சக்கரம் வந்தது இப்படித்தான்.

இதன் வேலை பார்க்க எளிது. விமானியின் முதுகுக்குப் பின்னால், உடலின் அடியில் ஒரு பெட்டி. சக்கரம் மடங்கி அதற்குள் போகும். இரண்டு கதவுகள் அதன்மேல் மூடி, வயிற்றுப் பக்கத்தை வழவழவென்று ஆக்கிவிடும். எஞ்சின் இல்லாததால் பெரும்பாலும் எல்லாமே கைவேலைதான். காக்பிட்டின் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து போகும் தண்டுகள், சக்கரத்தின் கனத்தைத் தூக்க உதவும் ஒரு ஸ்பிரிங். நீட்டிய சக்கரம் தரையில் மோதும்போது திரும்ப மடங்கிவிடாமல் இருக்க ஒரு தந்திரம் உண்டு. மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டை யோசித்துப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளியைத் தாண்டும்வரை ஸ்பிரிங் எதிர்க்கும், தாண்டியபின் அதே ஸ்பிரிங் ஸ்டாண்டை அந்தப் பக்கமே பிடித்து வைக்கும். சக்கரத்தின் கால்களும் அப்படியே, நேர்கோட்டைச் சற்றே தாண்டி நிற்கும்படி அமைந்திருக்கும். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் பூட்டு இன்னும் இறுகும், அவிழாது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் பூட்டிக்கொள்வதும் இதே சூத்திரம்தான்.

இது செலவு பிடிக்கும் வேலை. அதனால் போட்டி விதிகளிலேயே இதைப்பற்றி ஒரு சண்டை இருந்தது. 1958-ல் போலந்தின் லெஷ்னோவில் நடந்த உலகப் போட்டியில் 'ஸ்டாண்டர்டு' பிரிவு அறிமுகமானது. இறக்கை 15 மீட்டருக்கு மேல் கூடாது, சக்கரம் மடக்கக் கூடாது, எல்லாம் எளிமையாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். ருடால்ஃப் கைசர் வடிவமைத்த மரக் கிளைடர் 'கா 6' இந்தப் பிரிவுக்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. ஹைன்ஸ் ஹூத் அதை ஓட்டி 1960-லும் 1963-லும் உலகப் பட்டம் வென்றார். அதன் சக்கரம் மடங்காது. ஆனால் பாதிக்கு மேல் உடலுக்குள் புதைந்து, கொஞ்சமே வெளியே எட்டிப் பார்க்கும். விதிக்கும் காற்றுக்கும் ஒரே நேரத்தில் பணிந்த ஏற்பாடு. அப்புறம் கண்ணாடி இழைக் கிளைடர்கள் வந்தன. உடல் அவ்வளவு சுத்தமானபின் வெளியே நின்ற சக்கரம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது, விதியும் தளர்ந்தது. பிரிட்டனில் ஸ்லிங்ஸ்பி நிறுவனம் தன் 'டார்ட்' கிளைடரின் ஒரு வகைக்கு '17 ஆர்' என்று பெயரே வைத்தது. அந்த 'ஆர்' மடக்குச் சக்கரத்தைக் குறிக்கும் எழுத்து.

இனி கிளைடர் வைத்திருப்பவர்கள் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு வருவோம். புதிதாகப் பார்ப்பவருக்கு ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

கதவு இடுக்கு ஒன்று. சக்கரக் கதவுகள் மூடியிருந்தாலும் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருக்கும். காக்பிட்டுக்குள் வரும் காற்று எங்காவது வெளியேறியாக வேண்டும், அதற்கு இந்த இடுக்கு தோதான வழி. ஆனால் அங்கே பீறிடும் காற்று வயிற்றை ஒட்டி வழுக்கிப் போகும் காற்றைக் கலைத்துவிடும். அதனால் சக்கரப் பெட்டியை உள்பக்கம் முழுசாக அடைத்து, கதவு ஓரங்களில் மெல்லிய பட்டை ஒட்டி, உள்காற்று போக வேறு இடத்தில் பின்னோக்கி ஒரு துவாரம் வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது.

வால் பக்கம் இன்னொன்று. பழைய கிளைடரில் வாலின் அடியில் ரப்பர் வைத்த சறுக்குக்கட்டை இருக்கும். தார் ஓடுதளத்தில் அது தேய்ந்துபோகும், தரையில் கிளைடரைத் திருப்புவதும் கஷ்டம். கழற்றிவிட்டு ஒரு சின்னச் சக்கரம் வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். பார்க்கச் சாதாரண வேலை, ஆனால் இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து சுமார் நான்கு மீட்டர் பின்னால் இருக்கிறது. ஏற்றக் கம்பின் நுனியில் தொங்கும் எடை மாதிரி, அங்கே சேர்க்கும் ஒவ்வொரு கிலோவையும் சமன் செய்ய விமானியின் காலடியில் இரண்டு கிலோவுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். வைக்காமல் விட்டால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கிளைடர் வானத்தில் நிலைகொள்ளாது, சுழன்றபடி கீழே விழ ஆரம்பித்தால் மீட்பதும் கடினம். எந்த மாற்றத்துக்கும் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும், மாற்றியபின் எடை போட்டு மையத்தை மறுபடி கணக்கிட வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

அப்புறம் சக்கரத்தின் அளவு. போட்டியில் வேகத்துக்காக இறக்கைகளில் நூறு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். கனமான கிளைடர் எதிர்க்காற்றிலும் நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும், வேண்டாதபோது தண்ணீரைத் திறந்துவிடலாம். ஆனால் அத்தனை எடையோடு மேடுபள்ளமான புல்தரையில் ஓட வேண்டியது அதே ஒற்றைச் சக்கரம்தான். பெரிய சக்கரம் குழியில் இறங்காமல் உருளும். ஆனால் ஒடுக்கமான உடலுக்குள் அடங்காது. வடிவமைப்பாளர் உடலை ஒரு சென்டிமீட்டர் ஒடுக்கினால் சக்கரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போச்சு. சிலர் கதவைக் கொஞ்சம் உப்பலாகச் செய்து பெரிய சக்கரத்தை உள்ளே தள்ளுவார்கள். பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுவார்கள். இதெல்லாம் தரையின் பக்கம் சாய்ந்த மாற்றங்கள்.

இதுவரை காற்றையும் தரையையும் பற்றிப் பேசினோம். நடுவில் இருக்கும் மனிதரைப் பற்றிப் பேசவில்லை. போட்டி உலகமும் ரொம்ப நாள் பேசவில்லை.

கிளைடர் விமானி கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கிறார், உடல் ஒடுக்கமாக இருக்க அதுதான் வழி. அவருடைய இருக்கைக்கும் கிளைடரின் அடித்தோலுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான். சக்கரம் மடங்கியிருக்கும் நிலையில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழே விழுந்தால் என்ன ஆகும்? நாற்காலி உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும் வேகம் அது. காலூன்றிக் குதித்தால் ஒன்றும் ஆகாது, முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதே உயரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் கல்தரையில் விழுந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால் முதுகெலும்பின் மேல் ஏறும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் சுமார் 15 மடங்கு. அதையே 15 சென்டிமீட்டர் தூரத்தில் அமுங்கி நிற்கச் செய்தால் 3 மடங்குதான். விழுந்த வேகம் ஒன்றே, எலும்பு உடைவதும் உடையாததும் அந்த 12 சென்டிமீட்டரில் இருக்கிறது. கிளைடர் விபத்துகளில் முதுகெலும்பு நசுங்கி முறிவது அடிக்கடி பார்க்கும் காயம்.

உயரமான கால், அமுங்கும் ஸ்பிரிங், நல்ல பெரிய டயர் என்று சக்கரத்தை அமைப்பது இதற்காகத்தான். 1987-ல் முதலில் பறந்த 'ஏஎஸ்டபிள்யூ 24' கிளைடர் இந்தத் திசையில் எனக்குப் பிடித்த உதாரணம். அதை வடிவமைத்த கெர்ஹார்ட் வைபல் போட்டிக் கிளைடரின் வேகத்தை விட்டுக்கொடுக்காமல், மோதலில் விமானியைக் காக்கும் காக்பிட்டையும் அதிர்ச்சி தாங்கும் சக்கரத்தையும் சேர்த்தே யோசித்தார். அதைக் கட்டிய அலெக்சாண்டர் ஷ்லைஹர் தொழிற்சாலை இருக்கும் ஊர் பொப்பென்ஹவுசன். கால்பந்து கட்டிய வாம்பிர் பறந்த அதே வாஸர்குப்பேயின் அடிவாரம்.

சக்கரம் ஒரு காப்பு என்று புரிந்தபின் பழைய பழக்கங்களும் மாறின. போட்டியில் காற்று கைவிட்டுவிட்டால் ஏதாவது ஒரு வயலில் இறங்க வேண்டிவரும். கரடுமுரடான நிலமென்றால் சக்கரத்தை மடக்கி வயிற்றால் சறுக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். இன்று நேர்மாறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நிலம் மோசமாக இருந்தால் சக்கரம் கட்டாயம் வெளியே இருக்கட்டும். அது உடைந்தால் உடையட்டும், உடைவதற்குச் செலவாகும் விசை முதுகுக்குப் போகாது. தண்ணீரில் இறங்க நேர்ந்தாலும் இதே பாடம்தான். சக்கரத்தை மடக்கிக்கொண்டு நீரைத் தொட்டால் காக்பிட் முழுசாக உள்ளே அமிழ்ந்துவிடக்கூடும் என்று பல கிளைடர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. நீட்டி இறங்கச் சொல்கின்றன.

மடக்குச் சக்கரம் கூடவே கொண்டுவந்த தவறு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்த விளக்கம் முடியாது. சக்கரம் போடாமல் இறங்குவது அதை நீட்ட மறந்ததால்தான் என்று நினைப்போம். அடிக்கடி நடப்பது வேறு. கயிற்றைக் கழற்றியபின் விமானி சக்கரத்தை மடக்க மறந்துவிடுவார். அப்படியே நீட்டியபடி பறந்து வந்து, இறங்குமுன் கடமை தவறாமல் கைப்பிடியை நகர்த்துவார். நகர்த்தியதில் சக்கரம் உள்ளே போய்விடும்! அவர் மனதில் அது வெளியே வந்துவிட்டது. ஒரு கிளைடரில் முன்னால் தள்ளினால் சக்கரம் வரும், இன்னொன்றில் பின்னால் இழுத்தால் வரும். வேறு கிளைடரில் பழகியவருக்குக் குழப்பம் இன்னும் கூடும். அதனால் 'கைப்பிடியை நகர்த்தினேன்' என்பதை யாரும் சோதனையாக ஏற்பதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சக்கரப் படத்தைக் கண்ணால் பார்த்து, கைப்பிடி அந்தப் படத்துக்கு நேராகப் பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பஸரும் வைப்பார்கள். சக்கரம் உள்ளே இருக்கும்போது, இறங்குவதற்காக இறக்கையின் பிரேக்கை, அதாவது காற்றைத் தடுக்கும் தகட்டை, திறந்தால் அது அலறும். உயரம் இருக்கும்போது அலறினால் நல்லது, நிதானமாக நீட்டிக்கொள்ளலாம். தரைக்குச் சில மீட்டர் மேலே அலறினால்? அப்போது கைப்பிடியைத் தேடிக் கையை மாற்றினால் கிளைடர் மூக்கை ஆட்டி, எகிறி, ஓங்கி விழலாம். அந்த நேரத்தில் பயிற்றுநர்கள் சொல்வது ஒன்றுதான்: கையை எடுக்காதே, சக்கரம் உள்ளேயே இருக்கட்டும், புல்லின் மேல் மெதுவாக வைத்துவிடு. மெதுவாக வைத்தால் வயிற்றில் ஒரு நீளக் கீறல், கொஞ்சம் பூச்சு வேலை, அவ்வளவுதான்.